சியுனே சுகிஹாரா: முத்திரையும் பேனாவும் கையில் இருந்த ஒரு ஜப்பானியத் தூதரக அதிகாரி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகிஹாராவைப் பற்றிப் பேச்செடுத்தால் கேட்பவர்கள் எல்லோரும் அந்த ஒரு மாதத்துக்கே தாவிவிடுகிறார்கள். 1940 கோடையில் லிதுவேனியாவில் அவர் விசா எழுதிய நாட்கள் அவை. அந்த நாட்களில் அவர் அப்படி நடந்துகொண்டது ஏன் என்று புரிய, அதற்கு முன்பிருந்த இருபது வருட உத்தியோகத்தையும் பின்னால் வந்த நாற்பது வருட மௌனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவரைப் பற்றி உலவும் கதைகளில் சில மிகைப்பட்டவை. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த மனிதர் கொஞ்சமும் சிறுத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், அப்போதுதான் அவர் இன்னும் நெருக்கமாகிறார்.

சுகிஹாரா யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1900 ஜனவரி 1 அன்று ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர். ரஷ்ய மொழியில் தேர்ந்த வெளியுறவுத் துறை அதிகாரி. 1940இல் லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் ஜப்பானிய வைஸ் கான்சலாக (துணைத் தூதரக அதிகாரியாக) இருந்தபோது, நாஜிகளுக்கும் சோவியத்துக்கும் இடையில் சிக்கிக்கொண்ட யூத அகதிகளுக்கு, மேலிடம் விதித்த நிபந்தனைகளைத் தாண்டி, ஜப்பான் வழியாகக் கடந்து செல்ல இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்களைக் கொடுத்தார். 1986 ஜூலை 31 அன்று காலமானார்.

வெளியுறவுத் துறைக்கு எப்படி வந்தார்? உயர் தேர்வு எழுதித் தேறியவரா?

இல்லை. அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அப்பா அரசு வரித்துறையில் வேலை பார்த்தவர். மகன் டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ ஆங்கிலத்தில்தான் நாட்டம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். 1918இல் டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பாவின் பேச்சை மீறியதால் கைச்செலவுக்கே தட்டுப்பாடு. அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் மொழி கற்க வெளியுறவு அமைச்சகம் உதவித்தொகை தருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தார். 1919இல் தேர்வானார்.

இது மொழி வல்லுநர்களை உருவாக்கும் வழி. உயர் தேர்வு எழுதி வருபவர்கள்தான் பிற்காலத்தில் தூதர்களாகும் வரிசையில் நிற்பார்கள். சுகிஹாரா போன்றவர்கள் எழுத்தராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, கான்சல் பதவி வரை ஏறினாலே பெரிய விஷயம். நம்மூர் அரசு அலுவலகங்களில், கோப்பில் என்ன இருக்கிறது என்று மேலதிகாரியைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் பிரிவில் உட்கார்ந்திருப்பாரே, கிட்டத்தட்ட அந்த இடம்தான் அவருடையது. முத்திரை எங்கே இருக்கிறது, விதியில் எந்த வரி எதற்கு என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த பாடம்.

ஏன் ரஷ்ய மொழி?

அமைச்சகம் அனுப்பிய இடம் அப்படி. வடகிழக்குச் சீனாவில் இருக்கும் ஹார்பின் நகரம் அப்போது பாதி ரஷ்ய நகரம். போல்ஷெவிக் புரட்சிக்குத் தப்பி வந்தவர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். மாணவராகப் போனவர் நடுவில் ராணுவச் சேவையும் முடித்துவிட்டு வந்து, 1924இல் அமைச்சகத்தின் முறையான ஊழியரானார். அதே ஆண்டு கிளாவ்டியா என்ற ரஷ்யப் பெண்ணை மணந்து, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்திலும் சேர்ந்தார். சோவியத் பொருளாதாரத்தைப் பற்றி இருபதுகளின் நடுவில் இருந்த இந்த இளைஞர் எழுதிய பெரிய அறிக்கையை அமைச்சகமே நூலாக அச்சிட்டது. சோவியத் விஷயம் என்றால் சுகிஹாராவைக் கேள் என்கிற நிலை அங்கேதான் உருவானது.

ரயில்பாதை பேரம் என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

1931இல் ஜப்பானிய ராணுவம் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் நுழைந்து, 1932இல் அங்கே மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை நிறுவியது. சுகிஹாரா அதன் வெளியுறவுத் துறைக்குப் போனார். மஞ்சூரியாவின் குறுக்கே ஓடிய ரயில்பாதையில் சோவியத்துக்கு உரிமை இருந்தது. அதை விலைக்கு வாங்கும் பேச்சுவார்த்தையில் அவர் முக்கிய ஆள். சோவியத் தரப்பு முதலில் கேட்டது 62.5 கோடி யென். 1935 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தபோது விலை 14 கோடி யென். எஞ்சின்கள், பெட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன, எவையெல்லாம் ஏற்கெனவே எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்டுவிட்டன என்று அவர் திரட்டிவைத்த விவரங்களுக்கு விலைக்குறைப்பில் பெரிய பங்கு உண்டு.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் மஞ்சூரியாவை விட்டு ஏன் வந்தார்?

சீன மக்களை ஜப்பானியர்கள் நடத்திய விதத்தைச் சகிக்க முடியவில்லை என்பதுதான் அவர் பின்னாளில் சொன்ன காரணம். பதவி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் விலகி டோக்கியோ திரும்பினார். கிளாவ்டியாவுடனான மணவாழ்வும் 1935இல் முடிந்தது. பிறகு யுகிகோவை மணந்தார்.

1940இல் அவர் செய்ததைத் திடீரென்று ஒரு நாள் வந்த ஞானோதயம் போலச் சொல்கிறவர்களுக்கு இந்த ராஜினாமாவை நினைவூட்ட வேண்டும். மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்யச் சொன்னால் எழுந்து போய்விடும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது.

ரஷ்ய நிபுணரை மாஸ்கோவுக்கு அனுப்பாமல் லிதுவேனியாவுக்கு ஏன் அனுப்பினார்கள்?

மாஸ்கோவுக்குத்தான் அனுப்பப் பார்த்தார்கள். சோவியத் அரசு அவருக்கு விசா தர மறுத்துவிட்டது. ரயில்பாதை விவகாரத்தை அவர்கள் மறக்கவில்லை. அதனால் 1937இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிக்குப் போனார். அங்கிருந்து 1939 ஆகஸ்ட் 28 அன்று கௌனஸ் வந்து சேர்ந்தார். நான்கே நாளில், செப்டம்பர் 1 அன்று, ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது.

கௌனஸில் ஜப்பானியர்களே இல்லையாமே. அங்கே தூதரக அலுவலகம் எதற்கு? அவர் உளவாளியா?

தகவல் திரட்டவே அனுப்பப்பட்டார். இதை மறைக்க வேண்டியதில்லை. 1967இல் ரஷ்ய மொழியில் எழுதிய குறிப்பில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனி சோவியத்தைத் தாக்குமா, தாக்கினால் எப்போது என்பதை ஜப்பானிய ராணுவத் தலைமை அறிய விரும்பியது. தாக்கினால், மஞ்சூரிய எல்லையில் நிற்கும் ஜப்பானியப் படையின் ஒரு பகுதியைத் தெற்கே திருப்பலாம். எல்லையோரத்தில் படை நடமாட்டத்தைக் கவனிப்பதுதான் சுகிஹாராவின் உண்மையான வேலை. போலந்து ராணுவ உளவுத்துறையில் இருந்து தப்பி வந்த அதிகாரிகளுடன் அவருக்குத் தொடர்பு இருந்தது. அவர்கள் தகவல் தந்தார்கள், இவர் அவர்களுக்குப் பாதுகாப்பான ஆவணங்கள் தந்தார்.

உளவு வேலை செய்தார் என்று தெரிந்ததும் சிலருக்கு ஏமாற்றம் வருகிறது. எனக்கு வரவில்லை. நாளை என்ன நடக்கப்போகிறது என்பதை அந்த ஊரில் மிகச் சிலரே அறிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வாசலில் நின்றவர்களை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார் என்பதை இது விளக்குகிறது.

1940 ஜூலையில் அவர் வாசலில் ஏன் அவ்வளவு கூட்டம்?

போலந்தை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத்தும் பங்கு போட்டுக்கொண்டபோது, பத்தாயிரத்துக்கும் அதிகமான யூதர்கள் லிதுவேனியாவுக்குத் தப்பி ஓடிவந்தார்கள். அது அப்போது நடுநிலை நாடு. 1940 ஜூனில் சோவியத் படை லிதுவேனியாவுக்குள்ளும் வந்துவிட்டது. வெளிநாட்டுத் தூதரகங்களை ஆகஸ்டு இறுதிக்குள் மூடச் சொன்னார்கள். மேற்கே ஹிட்லர். அந்தப் பக்கம் கடலுக்குப் போகவும் வழியில்லை. மிச்சமிருந்த ஒரே பாதை கிழக்கே, சைபீரியாவைக் கடந்து பசிபிக் கரை வரை. அதற்கு ஜப்பானிய விசா வேண்டும்.

ஜூலை 18 காலையில் வைஸ்கந்தோ தெருவில் இருந்த அவர் வீட்டு வேலியை ஒட்டிக் கூட்டம் நின்றது. அலுவலகம் கீழே, குடும்பம் குடியிருந்தது அதே வீட்டில். ஜன்னலிலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. கோடைக் காலத்திலும் தடித்த கோட்டு, தலையில் தொப்பி, வேலிக்கு அப்பால் முகங்கள், எல்லாக் கண்களும் அந்தக் கட்டடத்தையே பார்த்தபடி. இருக்கும் துணியை எல்லாம் உடம்பிலேயே போட்டுக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். கூட்டத்தின் சார்பில் ஐந்து பேர் உள்ளே வந்து பேசினார்கள். அவர்களில் ஒருவரான சோராக் வார்ஹாப்டிக் பின்னாளில் இஸ்ரேலில் அமைச்சரானார்.

குராசோ என்ற தீவின் பெயர் இந்தக் கதையில் எப்படி வருகிறது?

அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. இதைச் சொல்லாமல் சுகிஹாராவை மட்டும் சொல்வது பாதிக் கதை.

கடந்து செல்லும் விசா கொடுக்க வேண்டுமானால், போய்ச் சேரும் நாடு எது என்று காட்ட வேண்டும். எந்த நாடும் அந்த மக்களை ஏற்கத் தயாராக இல்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த நாதன் குட்விர்த் என்ற டச்சு மாணவரும், முன்பு டச்சுக் குடிமகளாக இருந்த பெஸ்லா லெவின் என்ற பெண்ணும், டச்சுக் காலனிகளுக்குப் போக முடியுமா என்று டச்சுத் தூதரக அதிகாரிகளிடம் விசாரித்தார்கள். கரீபியனில் இருக்கும் குராசோவுக்கும் தென் அமெரிக்காவின் சுரினாமுக்கும் விசா தேவையில்லை, ஆனால் அங்குள்ள ஆளுநரின் அனுமதி வேண்டும் என்பது விதி. ரிகாவில் இருந்த டச்சுத் தூதர் டெ டெக்கர் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எழுதிக் கொடுத்தார். 'விசா தேவையில்லை' என்பதோடு நிறுத்திவிட்டார். ஆளுநர் காணாமல் போனார்.

கௌனஸில் அதே வாசகத்தை மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்தவர் யான் ஸ்வார்டெண்டைக். அவர் தொழில்முறைத் தூதரே அல்ல. ரேடியோ, பல்பு விற்ற பிலிப்ஸ் நிறுவனத்தின் கிளைப் பொறுப்பாளர். சில வாரங்களுக்கு முன்புதான் கௌரவக் கான்சல் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்திருந்தது. ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 3 வரை, பத்துப் பன்னிரண்டு நாட்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதினார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அகதிகள் சுகிஹாராவிடம் வந்தார்கள்.

குராசோவுக்குப் போகும் எண்ணம் யாருக்கும் இல்லை. எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், முத்திரை குத்தியவருக்கும் தெரியும். ஒரே ஊரில் இருந்த இரண்டு அலுவலகங்களில், அதிகம் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்திருந்தார்கள்.

டோக்கியோ 'கொடுக்காதே' என்று சொன்னதா? அவர் உத்தரவை மீறினாரா?

'மூன்று முறை தந்தி அடித்தார், மூன்று முறையும் மறுத்தார்கள், மீறிக் கொடுத்தார்' என்பது பரவலாகச் சொல்லப்படும் வடிவம். நடந்தது இன்னும் நுணுக்கமானது.

யூதர்களுக்கு விசாவே தரக்கூடாது என்று ஜப்பானில் சட்டம் எதுவும் இல்லை. 1938 டிசம்பரில் ஜப்பானிய அமைச்சர்கள் எடுத்த முடிவுப்படி, யூதர்களை மற்ற வெளிநாட்டவரைப் போலவே நடத்த வேண்டும். ஜெர்மனி, இத்தாலியுடனான முத்தரப்பு ஒப்பந்தமும் 1940 செப்டம்பர் 27 அன்றுதான் கையெழுத்தானது. அதற்குள் சுகிஹாரா கௌனஸை விட்டுப் போய்விட்டார். ஆனால் கடந்து செல்லும் விசாவுக்கு நிபந்தனைகள் இருந்தன. போகும் நாட்டின் அனுமதி முழுமையாக இருக்க வேண்டும்; வழிச்செலவுக்கும் ஜப்பானில் தங்கவும் பணம் இருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சர் மட்சுவோகாவின் அமைச்சகம் அந்த விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. உங்கள் விசாவோடு வருகிறவர்களிடம் பணமும் இல்லை, நடைமுறையும் முடியவில்லை, இவர்களை இறக்கிவிட முடியாமல் இருக்கிறது என்று ஆகஸ்டு நடுவில் கண்டித்தே தந்தி வந்தது.

அதைப் படித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு நாட்டுப் பிரதிநிதிகளே இல்லை, இவர்களுக்கு நம் வழியை விட்டால் வழியில்லை என்று காரணம் காட்டிப் பதில் அனுப்பினார். போகும் நாடு என்பது ஒரு அரை வாக்கியம், பணம் என்பது கையில் இருக்கும் சில்லறை என்று தெரிந்தே எழுதினார். ஆகவே மீறினார் என்பது உண்மை. விதியின் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டு அதன் நோக்கத்தை மீறினார். வடிவம் சரியாக இருந்ததால்தான் சோவியத் அதிகாரிகளும், கப்பல் ஏற்றுகிறவர்களும், ஜப்பானியத் துறைமுகமும் அந்தத் தாளை ஏற்றார்கள். கோபத்தில் வேலையை எறிந்துவிட்டுப் போயிருந்தால் ஒருவர்கூடத் தப்பியிருக்க முடியாது.

அந்த அறையில் வேலை எப்படி நடந்தது?

விசா என்றால் இன்று நமக்கு ஒட்டும் தாள் ஞாபகம் வரும். அன்று அது கையெழுத்து. பாஸ்போர்ட் பக்கத்தில், அல்லது பாஸ்போர்ட் இல்லாதவர்களின் தற்காலிகத் தாளில், ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாக எழுத வேண்டும்: கடந்து செல்லும் அனுமதி, ட்சுருகா, யோகோஹாமா வழியாக, சுரினாம், குராசோ முதலான டச்சுக் காலனிகளுக்கு. பிறகு தேதி, பதவி, கையொப்பம், சிவப்பு முத்திரை. ஒவ்வொன்றையும் பேரேட்டில் பதிய வேண்டும்: வரிசை எண், நாடு, பெயர், விசாவின் வகை, தேதி, கட்டணம், குறிப்பு. நிதானமாகச் செய்தால் ஒரு நாளைக்குச் சிலதான் முடியும்.

அவர் காலை முதல் இருட்டும் வரை எழுதினார். மதியச் சாப்பாட்டுக்கு எழுவதையும் விட்டார். இரவில் விறைத்துப்போன கையை யுகிகோ பிடித்துவிடுவார். மூன்றாவது மகன் ஹாருகி அப்போது கைக்குழந்தை. அந்த வாரங்களின் பதற்றத்தில் தாய்ப்பாலே வற்றிப்போனதாக யுகிகோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேலி ஓரத்தில் நின்றவர்களின் பிள்ளைகளையும் தொட்டிலில் கிடந்த தன் பிள்ளையையும் ஒரே ஜன்னல்தான் பிரித்தது.

மிர் என்ற ஊரின் யூத மதக் கல்விக்கூடத்து மாணவர் மோஷே சுப்னிக், முந்நூறு பேருக்கு விசா கேட்டு வந்தார். இத்தனை பேருக்கா என்று தயங்கிய சுகிஹாரா சம்மதித்ததும், வேலை முடியாது என்று பார்த்த மாணவர் தானே உட்கார்ந்து முத்திரை குத்த உதவினார். கூடவே அலுவலக உதவியாளர் குட்சே. அவர் ஜெர்மன் வம்சாவளிக்காரர். அகதி ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் ஒரே மேசையில் ஜப்பானிய முத்திரையை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் நிறுத்திவைக்கும் இடம் அது.

ரயில் ஜன்னல் வழியாகவும் விசா கொடுத்தாராமே?

அலுவலகத்தை மூடிய பிறகு குடும்பம் கௌனஸிலேயே மெட்ரோபோலிஸ் ஹோட்டலில் தங்கியது. அங்கேயும் ஆட்கள் வந்தார்கள், அங்கேயும் எழுதினார். செப்டம்பர் 4 அன்று பெர்லினுக்கு ரயில் ஏறினார். நடைமேடையிலும் கூட்டம். ரயில் நகரும் வரை எழுதிக் கொடுத்தார் என்பது யுகிகோவின் நினைவு. இதற்குமேல் எழுத முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று தலை குனிந்து விடைபெற்றார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

பணம் வாங்கினாரா?

அரசு நிர்ணயித்த விசாக் கட்டணத்தைத் தவிர எதுவும் வாங்கவில்லை. நெருக்கடி முற்றியபோது அந்தக் கட்டணத்தையும் வசூலிப்பதை விட்டார்.

மொத்தம் எத்தனை பேர் தப்பினார்கள்? 6,000 என்கிறார்களே?

உறுதியாகக் கையில் இருப்பது அவர் டோக்கியோவுக்கு அனுப்பிய பட்டியல். அதில் 2,139 பெயர்கள். எல்லோரும் யூதர்கள் அல்ல, ஆனால் பெரும்பாலோர் யூதர்கள். ஒரு விசாவில் மனைவி, பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே பயணப்பட்டதால் எண்ணிக்கை கூடும்; விசா கிடைத்தும் கிளம்ப முடியாமல் போனவர்களும் உண்டு என்பதால் குறையும். 6,000 என்பது ஒரு மதிப்பீடு. சில ஆய்வாளர்கள் அதைவிடக் குறைத்தே சொல்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால்தான் அவருக்குப் பெருமை என்று நினைக்க வேண்டாம். அந்த 2,139 வரிகளும் மேசையில் தலை குனிந்து எழுதியவை.

விசா கிடைத்தவுடன் தப்பித்துவிட்டார்களா?

அதற்குப் பிறகும் மலை மலையாகத் தடைகள். சோவியத் அரசின் வெளியேறும் அனுமதி வேண்டும். ரயில் டிக்கெட்டை சோவியத் பயண நிறுவனமான இன்டூரிஸ்ட்டிடம் டாலரில் வாங்க வேண்டும். அந்த நாட்டில் டாலர் வைத்திருப்பதே சிக்கல். அமெரிக்க யூத உதவி அமைப்புகள் பலருக்குப் பணம் அனுப்பின. சைபீரியா வழியாக விளாடிவாஸ்டாக் வரை நாள்கணக்கில் ரயில். அங்கே ஜப்பானியக் கான்சலாக இருந்த நெய் சபுரோ, இவ்வளவு தூரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் ஜப்பானிய விசாவின் மதிப்பே போய்விடும் என்று டோக்கியோவிடம் வாதாடினார். அவரும் ஹார்பினில் ரஷ்யம் படித்தவர்தான்.

அமகுசா மாரு என்ற சிறிய கப்பல் குளிர்காலக் கடலில் அவர்களை ட்சுருகா துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஊரில் ஒரு பொதுக் குளியலகத்தை அகதிகளுக்காக ஒரு நாள் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஒரு சிறுவன் பழக்கூடையோடு வந்து ஆப்பிள்களைக் கொடுத்தான். ஊர்ப் பெரியவர்கள் இதையெல்லாம் சொல்லக் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பின்பு கோபே. சில நாட்களே தங்க அனுமதி. அதை நீட்டிக்க எபிரேய அறிஞர் கொட்சுஜி செட்சுசோ அலைந்து திரிந்தார். சிலர் அமெரிக்கா, கனடா, பாலஸ்தீனம் என்று போனார்கள். எங்கும் இடம் கிடைக்காத ஆயிரம் பேர் அளவில் 1941இல் ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டு, அங்கே போர் முடியும்வரை வறுமையோடு உயிர் பிழைத்தார்கள். மிர் கல்விக்கூடத்தார் அவர்களில் ஒரு பகுதி.

லிதுவேனியாவின் சொந்த யூதர்கள் என்ன ஆனார்கள்?

அவர்களில் மிகச் சிலரே இந்த வழியில் போக முடிந்தது. 1940 ஆகஸ்ட் 3 அன்று லிதுவேனியா சோவியத்தோடு இணைக்கப்பட்டதும் அவர்கள் சோவியத் குடிமக்களாகிவிட்டார்கள், வெளியே விடமாட்டார்கள். 1941 ஜூனில் ஜெர்மன் படை வந்தது. அந்நாட்டில் அகப்பட்ட யூதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

கௌனஸுக்குப் பிறகு உடனே வேலையை விட்டுத் தூக்கினார்களா?

இல்லை. பலரும் தவறாகச் சொல்லும் இடம் இது. பெர்லினிலிருந்து பிராக், 1941இல் அன்றைய ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் இருந்த கோனிக்ஸ்பெர்க், பின்பு ருமேனியாவின் புக்காரெஸ்ட் என்று அவர் பணி தொடர்ந்தது. பதக்கமும் கிடைத்தது. கோனிக்ஸ்பெர்க்கில், ஜெர்மன் படை கிழக்கே குவிவதைக் கண்டு 1941 மே மாதமே டோக்கியோவுக்கு எச்சரித்துத் தந்தி அனுப்பினார். அடுத்த மாதம் தாக்குதல் தொடங்கியது. அவர் எதற்காக அந்தப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டாரோ, அந்த வேலையையும் ஒழுங்காகவே முடித்தார்.

புக்காரெஸ்டுக்குள் சோவியத் படை வந்தபின் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டார். ஏறக்குறைய ஒன்றரை வருடம். பிறகு அதே சைபீரிய ரயில், அதே விளாடிவாஸ்டாக். தான் விசா எழுதி அனுப்பியவர்கள் போன பாதையிலேயே, 1947 ஏப்ரலில் அவரும் நாடு திரும்பினார்.

பின் எப்போது வேலை போனது? விசாவுக்காகத்தானா?

1947 ஜூனில் ராஜினாமா செய்யச் சொன்னார்கள். ஆட்குறைப்பு என்றது அமைச்சகம். தோற்றுப்போய், அந்நிய ஆட்சியின் கீழ் இருந்த நாட்டுக்குத் தூதரகங்களே இல்லாத காலம். பலரை அனுப்பினார்கள் என்பது உண்மை. லிதுவேனியாவில் நடந்ததற்காகத்தான் என்று தன்னிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாக சுகிஹாரா நம்பினார், குடும்பமும் நம்பியது. என் கருத்து: ஆட்குறைப்புப் பட்டியலில் யாரை முதலில் சேர்ப்பது என்று ஒருவர் முடிவெடுக்கும்போது, பழைய தந்திகள் அடங்கிய கோப்பு மேசையில் இருந்தால் போதும், காரணத்தை எழுத வேண்டியதில்லை.

அதே ஆண்டில் ஏழு வயது ஹாருகி நோயில் இறந்துபோனான்.

அதன்பின் எப்படிப் பிழைத்தார்?

கிடைத்த வேலையைச் செய்தார். வீடு வீடாகப் போய் பல்பு விற்றார். அமெரிக்க ராணுவக் கடையில் மேலாளராக இருந்தார். ரஷ்ய மொழி கற்பித்தார், மொழிபெயர்த்தார். 1960 முதல் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், ஒரு வர்த்தக நிறுவனத்தின் ஊழியராகக் குடும்பத்தைப் பிரிந்து மாஸ்கோவில் வேலை. தூதரக அதிகாரியாக வரவிடாத நகரம், வியாபாரியாக வந்தபோது கதவைத் திறந்தது.

தப்பியவர்கள் ஏன் அத்தனை வருடம் அவரைக் கண்டுபிடிக்கவில்லை?

பெயர்தான் காரணம். 'சியுனே' என்பது வெளிநாட்டவர் வாயில் நுழையாது என்று, அதே எழுத்துகளின் இன்னொரு வாசிப்பான 'செம்போ' என்று சொல்லிக்கொள்வார். தேடியவர்கள் செம்போ சுகிஹாராவைத் தேடினார்கள். அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை என்று அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது. 1968இல், டோக்கியோவில் இஸ்ரேல் தூதரகத்தின் பொருளாதார அதிகாரியாக இருந்த யெஹோஷுவா நிஷ்ரி அவரைக் கண்டுபிடித்தார். நிஷ்ரியும் அந்த விசாவில் தப்பிய பையன்தான். மறு ஆண்டு இஸ்ரேல் போன சுகிஹாராவை வார்ஹாப்டிக் வரவேற்றார். கௌனஸில் கூட்டத்தின் சார்பில் உள்ளே வந்து பேசியவர், இப்போது அமைச்சராக.

பிறகும் அங்கீகாரம் 1985 வரை ஏன் தள்ளிப்போனது?

அரசு சொல்லித்தான் அவர் விசா கொடுத்தார் என்றே தப்பியவர்கள் நினைத்திருந்தார்கள். தானாக எடுத்த முடிவு என்பதை 1969இல் அவர் வாயால் கேட்டபோதுதான் வார்ஹாப்டிக்குக்கே தெரிந்தது. அதன்பின் சாட்சியங்கள் திரட்டி, ஜெருசலேமில் உள்ள யூதப் படுகொலை நினைவகமான யாட் வாஷெம் 1985 ஜனவரியில் 'உலக நாடுகளின் நீதிமான்' என்ற கௌரவத்தை வழங்கியது. அதைப் பெற்ற ஒரே ஜப்பானியர் அவர். உடல்நிலை இடம் தராததால் நேரில் போகவில்லை, குடும்பத்தினர் பெற்றுக்கொண்டார்கள். ஸ்வார்டெண்டைக்குக்கு அதே கௌரவம் 1997இல் வந்தது. அவர் இறந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜப்பானிய அரசு மன்னிப்புக் கேட்டதா?

1991இல் அமைச்சகத்தின் சார்பில் சுசுகி முனேயோ, யுகிகோவைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். 2000 அக்டோபரில், அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டி, வெளியுறவு அமைச்சர் கோனோ யோஹெய் டோக்கியோவில் உள்ள அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒரு நினைவுப் பலகையைத் திறந்துவைத்துப் பகிரங்கமாகப் பேசினார். சுகிஹாரா இறந்து 14 ஆண்டுகள் கழித்து.

அவர் இறக்கும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியுமா?

பலருக்குத் தெரியாது. கடைசிக் காலத்தில் அவர் கமகுராவில் இருந்தார். அமைதியான முதியவர், ரஷ்யம் தெரிந்தவர் என்ற அளவில்தான் அறிந்திருந்தார்கள். 1986இல் இறுதிச் சடங்குக்கு இஸ்ரேல் தூதரும், வெளிநாட்டிலிருந்து யூதர்களும் வந்து வீட்டு வாசலில் நின்றபோதுதான் அந்தத் தெரு விசாரிக்கத் தொடங்கியது.